பாக்க ஆளில்லாத ஊர்வலம்

படுத்தாச்சா? அப்படியில்ல, என் பக்கம் திரும்பிப் படு. காலை நீட்டு. போர்வை பூராத்தையும் நீயே இழுத்துக்காத, அத்தைக்கும் கொஞ்சம் விடு. கதை சொல்றேன். ஆனா ஒண்ணு, இந்த நரிக் கதை, காக்காக் கதையெல்லாம் உங்கம்மாகிட்ட கேட்டுக்க. அத்தைக்குத் தெரிஞ்சது கோவக் கதைதான். நீ ம் கொட்டிக்கிட்டே வரணும். ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ஊர்வலம் இருந்துச்சு. ராஜா இல்ல, ராணி இல்ல, ஊர்வலம். ஊருக்குப் பேரு என்னவா? பேரு எதுக்குடி இப்ப. பேரு சொன்னா அந்த ஊர்க்காரங்களுக்குக் கோவம் வரும். வரட்டும், நல்லா வரட்டும், ஆனா தூங்கற நேரத்துல வேண்டாம்.

அந்த ஊர்ல ஒன்பது தெரு. தெருவுக்குத் தெரு வேற வேற ஆளுங்க. பட்டு நெய்யறவங்க தெரு ஒண்ணு, வீட்டுக்குள்ள சௌராஷ்டிரம் பேசுவாங்க, வாசப்படி தாண்டுனா தமிழ் பேசுவாங்க. பள்ளிவாசல் தெருவுல சிலம்பம் சுத்துனா விஷ்க் விஷ்க்னு காத்து கிழியும். மாதா கோயில் தெருவுல பேண்டு செட்டு. வளையல்காரத் தெருவுல தெலுங்கு. கடைவீதியில அடகுக்கடை சேட்டு வீடுங்க. டீக்கடை வெச்சிருந்த மலையாளத்துக்காரங்க ஒரு சந்துல, பூக்காரத் தெரு அதுக்குப் பின்னால. மிச்சத்த நீயே நெனச்சுக்க, எனக்கு வாய் வலிக்குது. ஒரு தெருவுல மீன் பொரிக்கற வாசம், அடுத்த தெருவுல ஜிலேபி வாசம். சும்மா நடந்து போனாலே பசிக்கும் அந்த ஊர்ல.

அப்போல்லாம் அவங்கவங்க விசேஷத்துக்கு அவங்கவங்க ஊர்வலம். பட்டுத் தெரு சாமி பொறப்பட்டா பள்ளிவாசல் தெரு நின்னு பாக்கும். சந்தனக்கூடு போச்சுன்னா மாதா கோயில் தெரு மாடியில ஏறி நின்னு பாக்கும். அப்புறம் ஒரு வருஷம் ஊர்ப் பெரியவங்க கூடி ஒரு கமிட்டி போட்டாங்க. வருஷத்துல ஒரு நாள், ஒன்பது தெருவும் சேர்ந்து ஒரே ஊர்வலமாப் போவோம், அவங்கவங்க உடுப்பு, அவங்கவங்க பாட்டு, அவங்கவங்க ஆட்டம்னு முடிவு பண்ணாங்க. நல்ல முடிவுதான். நான் அதக் கொறை சொல்லவே இல்ல. "ஊரே நடக்குது, ஒரு ஆள் விடாம"ன்னு கொட்ட எழுத்துல நோட்டீஸ் அடிச்சு, சளக் சளக்னு பசை தடவி, செவுருக்குச் செவுரு ஒட்டுனாங்க.

கமிட்டித் தலைவரு தணிகாசலம்னு ஒருத்தரு. அரிசி மண்டிக்காரரு. பேச்சுல தேன் வடியும். எனக்கு இந்தத் தேன் வடியப் பேசறவங்களக் கண்டாலே ஆகாது.

ம் கொட்டு.

"ம்."

அந்த ஊர்ல வீரக்கா, வீரக்கான்னு ஒருத்தி. முனிசிபாலிட்டியில தெருக் கூட்டற வேலை. ஒன்பது தெருவையும் கூட்டறது அவளும் அவ சனமும்தான். ஊரு கண்ணு முழிக்கறதுக்குள்ள சர்ரக் சர்ரக்னு கூட்டி, சாக்கடை வாரி, வண்டியில ஏத்திக் கொண்டு போயிருவாங்க. ஊருக்கு வெளிய குளத்து மேட்டுத் திருப்பத்துல ஒரே வரிசையா முப்பத்திரண்டு வீடு. எல்லாரும் அத லைன் வீடும்பாங்க. அங்கதான் அவங்க இருந்தாங்க.

வீரக்கா முப்பது வருஷமா அந்த ஊர்ல போன ஊர்வலம் அத்தனைக்கும் பின்னால போயிருக்கா. எதுக்கு? பெருக்கறதுக்கு. சாமி முன்னால போகும், பட்டாசுக் காகிதமும் வாழப்பழத் தோலும் குதிரைச் சாணியும் பின்னால கெடக்கும், இவ குனிஞ்சு பெருக்கிக்கிட்டே போவா. முப்பது வருஷத்துல அவ ஒரு சாமியோட முகத்தையும் பாத்ததில்ல, முதுகத்தான் பாத்திருக்கா.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ரோட்டுக்கு நடுவுல நடக்கணும். ஓரமா இல்ல, பின்னால இல்ல, கையில தொடப்பம் இல்ல. கல்யாணப் பொடவையக் கட்டிக்கிட்டு, தன் சனத்தோட, தப்பட்டை அடிச்சுக்கிட்டு நடக்கணும். ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு, அதோ வீரக்கா போறா பாருன்னு சொல்லணும். அவ்ளோதான். தங்கமா கேட்டா? வைரமா கேட்டா? நடக்கணும்னு கேட்டா.

அப்போ அவ செவுத்து நோட்டீஸப் பாத்தா. லைன் வீட்டுல படிச்ச பொண்ணு ஒருத்தியக் கூட்டியாந்து படிக்கவும் சொன்னா. "ஒரு ஆள் விடாமன்னு போட்டிருக்கா? நல்லாப் பாருடி." "ஆமா பெரியம்மா, அப்படித்தான் போட்டிருக்கு." அப்ப நாமளும்தானேன்னு சந்தோஷமா வேல முடிச்சுக் குளிச்சுட்டு, தல சீவிக்கிட்டு, கமிட்டி ஆபீசுக்குப் போனா.

தணிகாசலம் விசிறிக்குக் கீழ உக்காந்திருக்காரு. "என்ன வீரா, இந்தப் பக்கம்?" வீரக்கா அவர விட எட்டு வயசு பெரியவ. அவரு வா போம்பாரு, இவ வாங்க போங்கம்பா. அதுவே எனக்கு எரியும், சரி, கதைக்கு வர்றேன்.

"ஊர்வலத்துல எங்க வரிசை எதுன்னு சொன்னீங்கன்னா தயாராயிருவோங்க."

அவரு ஒரு காகிதத்த எடுத்து மேல இருந்து கீழ பாத்தாரு, கீழ இருந்து மேல பாத்தாரு. "தெருவுக்கு ஒரு வரிசை வீரா. ஒன்பது தெரு, ஒன்பது வரிசை. நீங்க இருக்கறது தெரு இல்லையே, லைன் வீடுதானே? உங்கள எந்தத் தெருவுல நான் சேப்பேன், சொல்லு. எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

ஊர்ல இருக்கற தெரு அத்தனையையும் கூட்டறவளுக்கு நிக்கறதுக்கு ஒரு தெரு இல்லையாம். எப்படிக் காரணம் கண்டுபிடிக்கறாங்க பாத்தியா.

அவ சண்ட போடல. வீட்டுக்கு வந்தா. பழைய தகரத்த நிமித்தி, அவ கொழுந்தன் மாரப்பன் நீலப் பெயிண்ட்ல "குளத்து மேட்டுத் தெரு"ன்னு எழுத, டங்கு டங்குனு முளைக்குச்சி அடிச்சு மொத வீட்டு முன்னால நட்டாங்க. தபால்காரரக் கூப்பிட்டுக் காட்டுனாங்க. அவரும் இனிமே இந்தப் பேருக்கே கடுதாசி குடுத்துர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு. அப்புறம் அவ மறுபடி ஆபீஸ் படியேறுனா.

"தெரு ஆயிருச்சுங்க. போர்டும் வெச்சாச்சு. வரிசை சொல்லுங்க."

தணிகாசலம் மோவாயத் தடவுனாரு. "சரி, தெருன்னே வெச்சுக்குவோம். ஆட்டம் பாட்டம் என்ன கொண்டு வர்றீங்க?"

"தப்பட்டைங்க."

"ஐயய்யோ." நாக்கக் கடிச்சுக்கிட்டாரு மனுஷன். "அது சாவுக்கு அடிக்கறதாச்சே வீரா. பொண்ணு புள்ளைங்க சந்தோஷமா ஆடிக்கிட்டு வர்ற நேரத்துல அத அடிச்சா நல்லாவா இருக்கும்? நாலு பேரு என்னயத்தானே பேசுவாங்க."

வீரக்கா அவர நேராப் பாத்தா. "போன தை மாசம் உங்கப்பாரு தவறுனப்போ மண்டி வாசல்ல இருந்து சுடுகாடு வரைக்கும் அடிச்சது எங்க மாரப்பன்தாங்க. வெரலு வெடிச்சு ரத்தம் வந்துச்சு. நிறுத்தாத, இன்னும் நல்லா அடின்னு நீங்கதான் சொன்னீங்க."

அவரு விசிறியப் பாத்தாரு.

"ஆடி மாசம் மாரியாத்தா பொறப்பாடு. தப்பட்டைச் சத்தம் கேக்காம ஆத்தா கோயில விட்டு வெளிய வர்றாளா? சாமிக்கு ஆவுது, சாவுக்கும் ஆவுது. இடையில இருக்கற உங்க ஊர்வலத்துக்கு மட்டும் ஏங்க ஆவல?"

கேட்டாளா இல்லையா? சரியாக் கேட்டாளா? தணிகாசலம், "யோசிச்சு வெக்கறேன், வெள்ளிக்கிழம வா"ன்னு அனுப்பிட்டாரு.

தூங்கிட்டியா?

"இல்ல அத்தை. வெள்ளிக்கிழம போனாளா?"

போகாம? கல்யாணப் பொடவைய அதுக்குள்ள தொவச்சுக் காயப் போட்டுட்டா. வெள்ளிக்கிழம கமிட்டி ஆபீசு நெறைய ஆளுங்க. ஒன்பது தெருக்காரங்களும் பேரு குடுக்க வந்து உக்காந்திருக்காங்க. காப்பி, பஜ்ஜி, சிரிப்பு, ஒரே சத்தம். இவ உள்ள நொழஞ்சதும் தணிகாசலம் எழுந்திரிச்சே நின்னாரு. "வா வீரா, வா. உனக்கு இல்லாத எடமா? ராத்திரியெல்லாம் யோசிச்சேன். உங்களையும் சேத்தாச்சு."

அவ நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டா. "எந்த வரிசைங்க?"

"கடைசி வரிசை. எல்லாரும் போனதுக்கப்புறம் நீங்க வர்றீங்க. முப்பத்திரண்டு வீட்டுக்காரங்களும் வரிசையா, கையில தொடப்பத்தோட, பெருக்கிக்கிட்டே வர்றீங்க. பட்டுத் தெருவுக்குக் கோலாட்டம்னா உங்களுக்குத் தொடப்பம். அதுதானே உங்க அடையாளம்? ஊரும் சுத்தமாயிரும், பாக்கறதுக்கும் கண்ணுக்கு நெறஞ்சு இருக்கும்."

கேட்டியா? கேட்டியாடி? இத ஒரு மனுஷன் சிரிச்சுக்கிட்டே சொல்றான். அதுவாவது போகட்டும். அந்த ரூம்ல இருந்த அத்தனை பேரும், அழகான யோசனை, அழகான யோசனைன்னு பட பட படன்னு கை தட்டுனாங்க.

வீரக்கா கேட்டா, "கடைசின்னாலும் வர்றேங்க. தொடப்பம் எதுக்குங்க?" அது யாரு காதுலயும் விழல. அத்தனை பேரு மூஞ்சியையும் ஒவ்வொண்ணாப் பாத்தா. எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி. யாரு வீட்டு வாசல்ல என்ன கெடக்கும்னு அவளுக்குத் தெரியும். யாராவது ஒருத்தர் எந்திரிச்சு, இது நியாயமில்லைங்க தலைவரேன்னு சொல்வாங்கன்னு நின்னா. அப்புறம் படியெறங்கிப் போயிட்டா.

தண்ணிச் சொம்ப எடு. ம்.

அப்புறம் ஊர்வல நாள் வந்துச்சு.

லைன் வீட்ல ஆளுங்க எல்லாம், நாம ஏன் போகணும், கதவச் சாத்திட்டு உள்ள இருப்போம்னாங்க. வீரக்கா, "கூப்பிட்டிருக்காங்க, போவோம். நல்லாக் குளிச்சு, இருக்கறதுலயே நல்ல துணியாக் கட்டிக்கங்க. தொடப்பம் கொண்டாரச் சொன்னாங்க, கொண்டு போவோம். குனியறமா இல்லையான்னு அங்க போய்ப் பாத்துக்கலாம்"னா. அவங்க வாசலோரமாத்தான் ஊர்வலம் திரும்பும். கடைசி வரிசை தாண்டுனதும் பின்னால சேந்துக்கங்கன்னு உத்தரவு. அதனால முப்பத்திரண்டு வீட்டுச் சனமும், பெரிசு சிறுசு, கைக்கொழந்தை, எல்லாரும் ரோட்டோரமா வரிசையா உக்காந்திருந்தாங்க. தொடப்பத்த எல்லாம் ஒரு குவியலாப் போட்டுட்டாங்க.

அங்க நாலு மணிக்கு ஸ்கூல் மைதானத்துல இருந்து ஊர்வலம் கெளம்பிருச்சு. பீப்பீ பீப்பீன்னு பேண்டு, டொக்கு டொக்குனு கோலாட்டக் குச்சி, திடும் திடும்னு செண்டை, ஜல் ஜல்லுனு சலங்கை. மஞ்சப் பொடவையில கும்மிக்காரங்க தட்டிக்கிட்டே போறாங்க. முன்னால பூச்சோடிச்ச வண்டியில தணிகாசலம், பட்டு வேட்டி, கையில மைக்கு. ஊரே நடக்குது, ஒரு ஆள் விடாம, ஊரே நடக்குதுன்னு கத்திக்கிட்டே வர்றாரு. நெசமாவே ஒரு ஆள் விடல. வீட்டுக்கு வீடு கமிட்டி ஆளுங்க போய்ப் பாத்துப் பாத்துக் கூட்டிட்டு வந்துட்டாங்க. நடக்க முடியாத கெழவங்களத் தள்ளுவண்டியில, பச்சப் புள்ளைங்கள இடுப்புல. கடை பூராவும் பூட்டு. போலீஸ்காரங்க ரெண்டு பேரையும் பேனர் புடிக்க விட்டாச்சு.

கடைவீதிக்குள்ள வந்தாங்க. அங்க என்ன ஆச்சு தெரியுமா?

"என்ன ஆச்சு?"

பாக்கறதுக்கு ஆளில்ல.

மாடியில ஆளில்ல, வாசல்ல ஆளில்ல, ஜன்னல்ல ஆளில்ல. எல்லாருந்தான் ஊர்வலத்துல நடக்கறாங்களே. எல்லாரும் நடந்தா பாக்கறது யாரு? ஒன்பது தெருப் பெரிய மனுஷங்க பத்து நாள் பஜ்ஜி தின்னு பேசுனாங்களே, அதுல ஒருத்தருக்காவது இது தோணுச்சா? தணிகாசலம் ரெண்டு பக்கமும் கும்பிட்டுக்கிட்டே வந்தவரு ஒரு எருமை மாட்டக் கும்பிட்டாரு. அது சாணி போட்டுக்கிட்டே இவரப் பாத்துச்சு.

சிரிக்காத. சிரிச்சா தூக்கம் போயிரும்.

கொஞ்ச தூரம் வீறாப்பா ஆடுனாங்க. அப்புறம் கோலாட்டம் கொறஞ்சுது. சிலம்பக்காரரு கம்பத் தோள்ல போட்டுக்கிட்டாரு. பேண்டு வாசிக்கறவரு மூச்சு வாங்குதுன்னு நின்னாரு. ஒன்பது வயசுப் பொண்ணு ஒருத்தி அவங்கம்மாகிட்ட, யாரும்மா நம்மளப் பாக்கறாங்கன்னு கேட்டா. பவுடர் எல்லாம் வேர்வையில வழிஞ்சு, பழத்தோலையும் தண்ணிப் பாக்கெட்டையும் போற வழியெல்லாம் போட்டுக்கிட்டு, சாவு வீட்டுக்குப் போற மாதிரி தொங்குன தலையோட நடந்து குளத்து மேட்டுத் திருப்பத்துக்கு வந்தாங்க.

திரும்புனா, ரோட்டோரமா நூத்தியம்பது பேரு. குளிச்சுத் தலவாரி, நல்ல துணி கட்டி, வரிசையா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காங்க.

அடேயப்பா, அப்போ வந்துச்சு பாரு உசுரு எல்லாருக்கும். கோலாட்டம் டொக்கு டொக்கு டொக்குனு பறக்குது. பேண்டு காது கிழியுது. லைன் வீட்டுப் புள்ளைங்க கை தட்டுச்சுங்க, அதுங்களுக்கு என்ன தெரியும். அந்தக் கை தட்டக் கேட்டதும் பட்டுத் தெரு அங்கேயே நின்னுருச்சு, நகர மாட்டேங்குது. பின்னால இருந்து வளையல்காரத் தெரு தள்ளுது, எங்க ஆட்டத்தையும் அவங்க பாக்கட்டும், நகருங்கங்குது. பள்ளிவாசல் தெரு பக்கவாட்டுல பூந்து வருது. ஒன்பது தெருவும் அந்த முப்பத்திரண்டு வீட்டு முன்னால வந்து முட்டி மோதிக்கிட்டு நிக்குது. எல்லாரையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா வீரக்கா. அவளுக்கும் புடிச்சுதோ என்னவோ. வாழ்க்கையில மொதத் தடவ ஒரு ஊர்வலத்த முன்பக்கமா பாக்கறா.

அப்போ பாத்து அந்தத் தணிகாசலம், வண்டி மேல நின்னு, அவங்க முகத்துக்கு நேரா மைக்கப் புடிச்சுக்கிட்டு, "பாருங்க, எங்க ஊர்ல ஒரு ஆள் பாக்கியில்லாம எல்லாரும் ஊர்வலத்துல இருக்கோம்"னாரு.

அவங்க முகத்துக்கு நேரா. நூத்தியம்பது பேரு உக்காந்திருக்காங்க.

வீரக்கா எந்திரிச்சா. அவ சனத்தப் பாத்து ஒரே வார்த்தை சொன்னா. "திரும்புங்க."

சரக்குனு அத்தனை பேரும் திரும்பி உக்காந்துட்டாங்க. இந்தப் பக்கம் நூத்தியம்பது முதுகு. கை தட்டுன புள்ளைங்க தலையையும் புடிச்சுத் திருப்பிட்டாங்க.

கோலாட்டம் நின்னுச்சு. பேண்டு நின்னுச்சு. செண்டை ஒரு தடவ திடும்னு அடிச்சுட்டு அதுவும் நின்னுச்சு. கப்சிப். தணிகாசலம் பட்டு வேட்டியத் தூக்கிக்கிட்டு தொபுக்குனு வண்டியில இருந்து குதிச்சு ஓடியாந்தாரு.

"என்ன வீரா இது, ஊரே ஆடுது, நீங்க முதுகக் காட்டறீங்க. திரும்பச் சொல்லு. கை தட்டச் சொல்லு."

"ஒரு ஆள் பாக்கியில்லாம எல்லாரும் ஊர்வலத்துல இருக்கோம்னு இப்பதான் சொன்னீங்க. அப்ப இங்க ஆளே இல்லைங்க. இல்லாத ஆளு எப்படிங்க கை தட்டும்?"

அவரு முழிச்சாரு. "சரி, கடைசி வேண்டாம். நடுவுல சேந்துக்கங்க."

"வேண்டாங்க."

"என் வண்டிக்குப் பின்னாலயே வாங்க. மொத வரிசை."

"வேண்டாங்க."

"தாயே, நீ வண்டியிலயே ஏறு. மால போடறேன். மைக்க உங்கையில குடுக்கறேன். வேற என்னதான் வேணும் உனக்கு?"

வீரக்கா சொன்னா, "உக்காருங்க."

"எங்க?"

"ரோட்டோரமா. ரெண்டு பக்கமும், ஒன்பது தெருவும். நாங்க நடக்கறோம். நீங்க பாருங்க."

தணிகாசலம் ரோட்டப் பாத்தாரு. காகிதம், பழத்தோல், எச்சில் இலை. "இந்தக் குப்பையிலயா? பட்டு வேட்டி வீரா."

"நீங்க போட்டதுதாங்க. தொடப்பம் அதோ கெடக்கு."

யாரும் அசையல. அப்புறம் பட்டுத் தெருவுல சரசாபாய்னு ஒரு வயசான அம்மா, ரெண்டு முட்டியும் வீங்கிப் போயிருச்சு அந்தம்மாவுக்கு, கோலாட்டக் குச்சியத் தூக்கிக் கீழ போட்டுட்டு நேராப் போய் ஒரு தொடப்பத்த எடுத்துச்சு. தனக்கு எவ்வளவு எடம் வேணுமோ அவ்வளவு எடத்தச் சர்ரக் சர்ரக்னு தள்ளிட்டு, அப்பாடான்னு காலை நீட்டி உக்காந்துருச்சு. "எனக்குக் கால் வலிக்குது. உக்கார்றவங்க உக்காருங்க, நிக்கறவங்க நில்லுங்க"ன்னுச்சு. பெரிய மனசு எல்லாம் இல்ல, நெசமாவே கால் வலி. ஆனா அது உக்காந்ததும் பக்கத்துல ஒருத்தி, அவ பக்கத்துல ரெண்டு பேரு. தொடப்பத்துக்கு அடிபுடி. பேண்டுக்காரங்க பெருக்கறாங்க, போலீஸ்காரங்க பெருக்கறாங்க, சேட்டு வீட்டம்மா முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டுப் பெருக்கறாங்க. பத்து நிமிஷத்துல ஊரே ரெண்டு ஓரமா உக்காந்துருச்சு.

தணிகாசலம் மட்டும் நடுவுல நின்னாரு. அப்போ பின்னால இருந்து யாரோ, "தலைவரே, மறைக்குது, உக்காருங்க"ன்னாங்க. அப்புறம் எல்லாப் பக்கமும் அதே சத்தம். உக்காந்தாரு. பட்டு வேட்டியோட, வாழப்பழத் தோல் மேல.

"ஹ்ம்."

ம்னு சொல்லுடி, ஹ்ம் இல்ல.

அப்புறம் மாரப்பன் காகிதத்தக் கொளுத்தித் தப்பட்டைக்குச் சூடு காட்டுனான். டண்டணக்கு டணக்கு, டண்டணக்கு டணக்கு. முப்பத்திரண்டு வீட்டுச் சனமும் எழுந்திரிச்சு ரோட்டுக்கு நடுவுல வந்துச்சு. எல்லாருக்கும் முன்னால வீரக்கா. அரக்குக் கலரு கல்யாணப் பொடவை, மடிப்புக் கலையாம. கையில ஒண்ணுமில்ல. கைய என்ன பண்றதுன்னு மொதல்ல அவளுக்குத் தெரியல. வீசி நடந்தா. சின்னப் புள்ளைங்க ஆடுதுங்க, கெழவிங்க ஆடறாங்க, மண்ணு அதிருது. ரெண்டு பக்கமும் ஆளுங்க, அதோ வீரக்கா, அது மாரப்பன், அந்தப் பொண்ணு யாரு புள்ளன்னு கழுத்த நீட்டி நீட்டிப் பாக்கறாங்க. தப்பட்டைக்குத் தாளம் தட்டாத கை இல்ல. செண்டைக்காரரு ஓரமா உக்காந்தே கூட அடிச்சாரு.

"வீரக்கா சிரிச்சாளா அத்தை?"

இல்ல. எல்லாரும் அதத்தான் எதிர்பாத்தாங்க. ஆசப்பட்டது கெடச்சிருச்சே, சிரிப்பா, கும்புடுவா, நாமளும் கட்டிப் புடிச்சுக்கலாம், எல்லாம் சரியாப் போயிரும்னு. அவ முகம் போகப் போக இறுகிக்கிட்டே போச்சு. பாதி தூரம் வந்ததும் கையத் தூக்குனா. தப்பட்டை நின்னுச்சு.

ரெண்டு பக்கமும் பாத்துட்டு அவ கேட்டா. "இவ்வளவுதானா? உக்கார்றதுக்கு எவ்வளவு நேரமாச்சு உங்களுக்கு? ஒரு ஒலை சோறு கொதிக்கற நேரம்கூட ஆகல. இதுக்கா மூணு தடவ அந்தப் படியேறுனேன்? தெருப் பேரு கேட்டாங்க, தப்பட்டை சாவுக்குன்னாங்க, தொடப்பத்தத் தூக்கிட்டு வான்னாங்க. அந்த வெள்ளிக்கிழம ஒன்பது தெருக்காரங்களும் அந்த ரூம்ல உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க? ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஏன் அன்னைக்கு வாயத் தொறக்கல?"

அத்தனை பேரு இருந்தாங்க, பேசத் தெரிஞ்சவங்க, அஞ்சு பாஷை பேசறவங்க. ஒரு பாஷையிலயும் ஒருத்தரும் பதில் சொல்லல.

அவ அப்புறம் மாரப்பனுக்குத் தலையாட்டுனா. டண்டணக்கு டணக்குன்னு மிச்ச தூரத்தையும் நடந்தாங்க. ரோட்டுக்கு நடுவுலயே நடந்தாங்க. ஊரச் சுத்தி வந்து வீட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டாங்க. அன்னைக்கு அவங்கள்ல ஒருத்தரும் குனியல.

"அப்புறம் அவ மன்னிச்சிட்டாளா?"

ஏன் மன்னிக்கணும்? யாராவது மன்னிப்புக் கேட்டாத்தானே மன்னிக்கறதுக்கு. ஒருத்தரும் கேக்கலையே. அடுத்த வருஷத்துல இருந்து பாதித் தெரு நடக்கறது, பாதித் தெரு உக்காந்து பாக்கறதுன்னு மாத்திக்கிட்டாங்க. குளத்து மேட்டுத் தெருவும் நோட்டீஸ்ல வந்துச்சு, பத்தாவது வரிசையா இல்ல, நாலாவதா. அதெல்லாம் நடந்துச்சு. ஆனா அவ கேட்ட கேள்வி அந்த ரோட்டுலயே கெடக்குது.

"உனக்கு எப்படி அத்தை இவ்வளவும் தெரியும்?"

தெரியும்.

"எப்படி?"

நானும் அங்கதான்டி உக்காந்திருந்தேன். பூக்காரத் தெருதானே நான். மஞ்சப் பொடவையில கும்மி தட்டிக்கிட்டுப் போனவங்கள்ல ஒருத்தி. என்னைத் தாண்டி நாலடி தள்ளித்தான் வீரக்கா நின்னா. அந்த வெள்ளிக்கிழம கமிட்டி ரூம்லயும் இருந்தேன். கும்மிக்குப் பேரு குடுக்கப் போயிருந்தேன். பஜ்ஜி தின்னுக்கிட்டு இருந்தேன். எல்லாரும் தட்டுனாங்கன்னு சொன்னேன்ல, நானும் தட்டுனேன். எதுக்குத் தட்டறோம்னு யோசிக்கவே இல்ல. தட்டி முடிச்சப்புறந்தான் அவ மூஞ்சியப் பாத்தேன். அவ என்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. எங்க வாசல்ல பூச்சருகு கூட்டறப்ப, நேத்து முல்லப் பூ நல்லா வித்துச்சா புள்ளன்னு தெனமும் கேப்பா. அதுக்கப்புறம் கேக்கறதில்ல. கூட்டிட்டுப் போயிருவா.

தணிகாசலம் மேல கோவமான்னு கேட்டா, அது என்னைக்கோ ஆறிப் போச்சு. இது ஆறல. இது என் மேல.

"நீ போய் சாரி சொல்லிரு அத்தை."

போர்வைய இழுத்து மூடு, குளிருது.

"நாளைக்குச் சொல்றியா? அவ நாளைக்கு வருவால்ல?"

வருவா. தெனமும் வர்றாளே. ஜன்னலோரம் நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், இந்த ஏழு வருஷமா.

போதும், கதை ஆயிருச்சு. கண்ண மூடு. மூடுடி. அத்தையப் பாக்காத.